முந்நூற்று நாற்பது பேர் தங்கிய லாட்ஜ்

மாசி மாதத்தில் குற்றாலத்துக்கு யாரும் வருவதில்லை. பேரருவியில் பாறை மட்டும் இருக்கும். எங்கள் லாட்ஜில் இருபத்திரண்டு அறைகள். அன்று இருபத்திரண்டும் காலி. நான் பூதத்தான், மேனேஜர். ஆள் இல்லாத மாதங்களில் கூட்டுவதும் துவைப்பதும் நான்தான்.

காலையிலேயே முதலாளியின் மைத்துனர் திரவியம் அளவு டேப்போடு வந்துவிட்டார். அவருக்குச் சுரண்டையில் மாட்டுத் தீவனம் மொத்த வியாபாரம். சித்திரையிலிருந்து லாட்ஜைத் தீவன குடோன் ஆக்குவதென்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். சீசன் இல்லாத காலத்தில் ஒரே ஒரு ஆள் ஒரு மாதம் தங்க வந்தாலும் குடோன் பேச்சை விட்டுவிடுவதாகத் திரவியம் தன் அக்கா முன்னால் சொல்லியிருந்தார். யாரும் வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில் சொன்னது. முதலாளி ஆவுடைநாயகம் அதை நம்பி, ‘லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு மாத அறை உண்டு’ என்று வாசலில் போர்டு எழுதி வைத்தார். ஐந்து மாதத்தில் அதன் பெயிண்ட் உரிந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முதுகில் ஒரு பை, கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. சென்னையில் ஏதோ கம்பெனி, பெயர் நிலோஃபர் என்றாள்.

“போர்டு பாத்தேன் சார். ஒரு மாசம் தங்கி வேலை பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இங்க நெட்...”

முதலாளி அவளை முடிக்க விடவில்லை.

“நெட்டா? மொதல்ல உக்காருங்கம்மா. பூதத்தான், ஒரு டீ சொல்லு. நெட்டைப் பத்தி இந்த லாட்ஜுல வந்து கேக்கியளே! போன வருசம் பெங்களூருக்காரப் பையன் ஒருத்தன் வந்தான். ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்தவன், அந்த ஒரு வருசத்துல பதினாலு மாசம் தங்குனான்.”

“வருசத்துக்குப் பன்னெண்டு மாசந்தான அத்தான்?” என்றார் திரவியம், சுவரை அளந்தபடி.

“அவன் ஓவர்டைம் பாத்தான் மாப்ள. நீ அளக்கதை அள. கேளுங்கம்மா, அந்தப் பையன் பேரருவிக்கு அடியில தலையைக் குடுத்துக்கிட்டேதான் மீட்டிங் பேசுவான். இடுப்புல துண்டு, காதுல இயர்போன். அங்க பெங்களூருல இருக்க மேனேஜருக்குத் தண்ணிச் சத்தம் மட்டுந்தான் கேக்கு. ஊருக்குள்ள பேய்மழை போலன்னு நெனச்சு ஆபீஸுக்கு லீவு விட்டுட்டாரு. மறுநாளும் அதே சத்தம். மூணு வாரம் பெங்களூருல ஒரு ஆபீஸும் திறக்கல. வெயிலு மண்டையைப் பொளக்கு, சனம் அம்புட்டும் குடை பிடிச்சிட்டுப் போவுது.”

அந்தப் பெண் டீயை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி கையை உயர்த்தினார்.

“சேதி பரவிட்டு. முந்நூத்தி நாப்பது பேரு வந்து எறங்கிட்டாவ.”

“இருபத்திரெண்டு ரூம்ல?”

“ஷிப்டு மாப்ள, ஷிப்டு. அமெரிக்காவுக்கு வேலை பாக்கவன் பகல்ல தூங்குவான். ஆஸ்திரேலியாவுக்கு வேலை பாக்கவ சாயங்காலம் தூங்குவா. உள்ளூர்க் கம்பெனிக்காரன் ராத்திரி. எட்டு மாசம் ஒரு கட்டிலும் சூடு ஆறல. ஆறாம் நம்பர்ல ஒரே கட்டில்ல மாறி மாறிப் படுத்த ரெண்டு பேரு, ஒருத்தரையொருத்தர் கண்ணால பாத்தது கிடையாது. தலையணையில விழுந்த குழியைப் பாத்தே பிரியமாயி, இலஞ்சி கோயில்ல கல்யாணம். ஏ பூதத்தான், நீயுந்தான இருந்த?”

“ஆமா முதலாளி” என்றேன். தலையணை உறைகளை நான்தான் துவைக்கிறேன் என்பது வரை அது உண்மை.

“லேப்டாப் சூடாகாதா, அத்தனை பேரு வேலை பாத்தா?” திரவியம் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்ச்சுவருக்குப் போனார்.

“அப்படிக் கேளு. அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சு விடுத தாணுகிட்ட கொண்டு குடுப்பாவ. நல்லெண்ணெயைச் சூடா ஊத்தி, நாலு தட்டு, ஆறு குத்து, கழுத்துல ஒரு சொடக்கு.”

“லேப்டாப்புக்கு ஏது கழுத்து?”

“மடக்குதம்லா, அந்த இடம். சொடக்கு விழுந்ததும் பாத்துக்கிடுங்க, பத்து வருசத்துப் பழைய லேப்டாப்பெல்லாம் துள்ளி எழுந்து, தானா ரோட்டைக் கடந்து ரூமுக்கு வந்துரும்.”

அந்தப் பெண் டீயை வைத்தாள். “சார், நிறைய மீட்டிங் நடக்குமோ இங்க?” குரலில் கவலை இருந்தது. முதலாளி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“ஐந்தருவியில அஞ்சு கிளைல்லா? ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒண்ணு. சீசன் போலீஸ் விசிலை ஊதி, ‘குளிச்ச ஆளு நகரு, நகரு’ன்னு தள்ளிக்கிட்டே இருப்பாரு. மெட்ராஸ்ல மூணு மணி நேரம் இழுக்குத மீட்டிங் இங்க ஆறு நிமிசத்துல முடிஞ்சிரும். பேசுதவன் வாயைத் திறந்தா விசிலு!”

“சரி அத்தான். நெட்டு எங்க இருந்து வந்துச்சு?”

“டவர் மலை உச்சியில இருக்கு. அங்க இருந்து அருவியோட சேந்து கீழ விழும். நூத்தம்பது அடி உயரத்துல இருந்து விழுந்தா என்ன வேகம் இருக்கும்? அனுப்பாத மெயிலுக்குப் பதில் வரும். ஒருத்தன் தான் எழுதப்போற மெயிலுக்கு வந்த பதிலைப் படிச்சுப் பாத்தான். மேனேஜர் கண்டபடி ஏசியிருக்காரு. எழுதாமலே விட்டுட்டான். வேலை தப்பிச்சிது.”

“இப்ப அருவியில சொட்டுத் தண்ணி இல்லையே அத்தான்.”

முதலாளி அரைக் கணம்தான் தயங்கினார். “பாறையில ஊறி நிக்கும்லா? இது ஊத்து நெட்டு. மெதுவாத்தான் கசியும். ஆனா ருசியா இருக்கும்.”

திரவியம் டேப்பைச் சுருக்கினார். “இந்த ஹால்ல ஐநூறு மூட்டை அடுக்கலாம்” என்றார்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். “கடைசியில என்ன ஆச்சு தெரியுமாம்மா? ஆளையெல்லாம் காணோம்னு அவுக கம்பெனி முதலாளியே அமெரிக்காவுல இருந்து தேடி வந்தாரு. பதினொண்ணாம் நம்பர்ல பையை வச்சிட்டு ஒரு குளி குளிச்சாரு. அவ்வளவுதான். எதைத் தேடி வந்தோங்கிறது மறந்துபோச்சு. இப்பவும் துண்டைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கந்தான் சுத்துதாரு. மெட்ராஸ்ல அவருக்குப் பன்னெண்டு மாடி ஆபீஸ். உக்கார ஆளே இல்லை. என்ன செய்ய? அதை மாட்டுத் தீவன குடோனா ஆக்கிட்டாவ.”

அதைத் திரவியத்தைப் பார்த்தே சொன்னார்.

அந்தப் பெண் போனை எடுத்தாள்.

“சரி சார். வைஃபை பாஸ்வேர்டு என்ன?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுருட்டிய டேப்பைப் பார்த்தேன்.

“பாஸ்வேர்டா?” என்றார். “அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா.”

திரவியம் நேராகச் சாமி மாடத்துக்குப் போய் அங்கிருந்த வைஃபை மோடம் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் பிளாஸ்டிக் உறைமேல் காய்ந்திருந்தன. உறை பிரிக்கப்படவில்லை.

“நல்லாப் பாருங்க. அஞ்சு மாசமா பூசைதான் நடக்கு. லைனே இழுக்கல. வீணா ஏமாறாதிய. தென்காசியில நல்ல லாட்ஜ் இருக்கு, நானே ஆட்டோ பிடிச்சுத் தாரேன்.”

“அப்ப நெட் சுத்தமா கிடையாதா?”

“சுத்தமாக் கிடையாது.”

“போன்ல?”

“உள்ள ஒரு கோடு நிக்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்துக்கு அடியில நின்னாப் பேசலாம். பேச மட்டுந்தான்.”

“உறுதியா?”

“என் பிள்ளைக மேல சத்தியமா. மீட்டிங்கா? ஒரு போட்டோ அனுப்ப முடியாது இந்த லாட்ஜுல!”

வந்த பிறகு முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. “இதைத்தான் சார் வந்ததும் கேக்க வந்தேன். நெட் இல்லாத இடம் வேணும். எனக்கு எழுதுற வேலை. வாரம் ஒருநாள் தென்காசி போய் அனுப்பிடுவேன். நெட் இருந்தா ஒரு நாளைக்குப் பதினோரு மீட்டிங், எழுத விடமாட்டாங்க. மூணு மாசமா தேடறேன். எங்க போனாலும் நெட் பறக்குது. நீங்க பேசப் பேச எனக்குப் பயம் வந்துடுச்சு. நல்ல வேளை, இவர் உண்மையைச் சொன்னார்.”

ரிஜிஸ்டரை அவளே இழுத்து, ‘ஒரு மாதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரவியம் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் புளியமரத்தடிக்குப் போய்ப் போனில் பேசினாள். உரக்கப் பேசியதால் வாசலில் நின்ற எங்கள் மூவருக்கும் கேட்டது.

“சார், குற்றாலத்துல மாட்டிக்கிட்டேன் சார். பயங்கர வெள்ளம். அருவி ரோட்டுக்கே வந்துடுச்சு. டவரை அடிச்சிட்டுப் போயிடுச்சு... ஆமா சார், அந்த டவரைத்தான், கண்ணால பாத்தேன். லாட்ஜுல முந்நூத்து நாப்பது பேர் இருக்கோம், மாறி மாறித்தான் தூங்கறோம். ஒரு மாசத்துக்கு மீட்டிங் எதுக்கும் வரமுடியாது சார். அலோ... சார், படகு வந்துடுச்சு, வைக்கறேன்.”

வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

“ஏ பூதத்தான், பாக்கப் படிச்ச புள்ள மாதிரி இருக்கு. இப்படி வாய் கூசாமப் புளுகுதே. இதை எப்படிடே ஒரு மாசம் வச்சுக்கிடுதது?”