காதை அடைக்காத இயர்பட்ஸ்

"இந்த எழவெடுத்த இயர்பட்ஸாலதான் எல்லாம், மாஸ்டர்!"

குணாளன் கத்திக்கொண்டேதான் உள்ளே வந்தான். பழசும் புதுசுமாக இரண்டு இயர்பட்ஸ் டப்பாக்களை எஸ்தரின் மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

எஸ்தர் அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் தூத்துக்குடியில் அந்த ஜிம்முக்கு அவள்தான் மாஸ்டர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எடை தூக்குகிறவன் பெஞ்சில் மல்லாந்து படுப்பான். தலைமாட்டில் ஒருவர் நின்று "நான் இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் எடை மாட்டிய கம்பியில் கை வைப்பான். அப்படிச் சொன்னவர் கடைசிவரை கம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று படுத்தவன் சபீர். சொன்னவன் குணாளன். கம்பி நெஞ்சில் விழுந்து சபீருக்கு விலா எலும்பு முறிந்தது. லாரி ஓட்டிப் பிழைக்கிறவன். இனி எப்போது ஸ்டியரிங் பிடிப்பானோ.

"பழசு வெளிச் சத்தத்தையே அடைக்கிற ரகம். அவன் கூப்பிட்டது எனக்கு எப்படிக் கேக்கும்? வித்தவனை உதைக்கணும். புதுசு காதை அடைக்காதாம். ரெண்டுமே போன்ல நம்ம இதயத் துடிப்பைக் காட்டும். எதை வெச்சுக்கட்டும், சொல்லுங்க."

கேட்கிற நமக்கே கை துறுதுறுக்கிறது. எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படுங்க."

"நான் கேட்டது..."

"படுங்கன்னு சொன்னேன்!"

படுத்தான்.

அவள் புதியதைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவனுடைய போனைக் கையில் எடுத்தாள். தலைமாட்டில் போய் நின்றாள்.

"நான் இருக்கேன்."

கம்பி இறங்கியது, ஏறியது. சில முறைக்குப் பிறகு இறங்கியது ஏறவில்லை.

"மாஸ்டர்!"

அவள் போனைப் பார்த்தாள்.

"மாஸ்டர், பிடிங்க!"

பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பி நெஞ்சில் அழுந்தியது.

"ஐயோ, அம்மா!"

அதற்குப் பிறகுதான் குனிந்து, கம்பியைத் தூக்கித் தாங்கியில் வைத்தாள்.

குணாளன் துள்ளி எழுந்தான். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"கொல்லப் பாத்தியா? உனக்குக் காது செவிடா?"

"நல்லாவே கேட்டுச்சு. அருமையான சாமான். நீங்க அம்மாவைக் கூப்பிட்டதுகூடக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் தூக்கல?"

"என் துடிப்பு எவ்வளவு ஏறுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

எஸ்தர் நகரவில்லை.

கை மெல்ல இறங்கியது.

"மாஸ்டர்..."

"சொல்லுங்க."

"நேத்து எனக்கும் கேட்டுச்சு."