தொரட்டிக்கு எட்டாத கிளை

“வீட்டுக்காரி மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கிடக்கா. நான் காலாற நடந்து பூப் பாத்துட்டுத் திரியலாமா சாமி?”

மடத்துக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார் திருமலைக்கொழுந்து. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஊரடங்கு ஞானத்துக்கும் உண்டு.

உள்ளே வெள்ளரி விதை ஊன்றிக்கொண்டிருந்த சாமி, கொழுந்தைவிட வயதில் இளையவர். கொழுந்து அதைப் பெரிதுபண்ணியதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும், கிணற்றுக்கு என்ன வயது என்றா கேட்பார்கள்?

“நடந்தீரா?”

“நீங்க சொன்னபடி விடியக்காலம் குளத்தங்கரை வரைக்கும் நடந்தேன். புங்கமெல்லாம் துளிர்த்திருக்கு. வேம்பு பூத்திருக்கு.”

“என்ன ஆச்சு?”

“நெஞ்சு லேசாச்சு. அதான் சாமி வலிக்கி.”

அவர் மனைவி கோமதி, நகரத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் இருந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கூடப் போக விடவில்லை. சாயங்காலமானால் ஒரு நர்ஸ் அவள் காதில் போனை வைப்பாள்.

காய்ச்சல் இருக்கா, மூச்சு எப்படி இருக்கு, சாப்பிட்டியா என்று கொழுந்து கேட்பார். அவள் வேறு ஏதோ சொல்வாள். பீரோச் சாவி அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு. கெம்புத் தோடு மருமகளுக்கு. நேற்று, “எனக்காக நீங்க பட்டினி கிடக்கப்படாது” என்றாள்.

போகிறவள் பேசுகிற பேச்சு. போனை வைத்துவிட்டுக் கொழுந்து சுவரைப் பார்த்து அழுதார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சாமி கை மண்ணைத் தட்டினார்.

“இன்னிக்கு அவங்ககிட்ட சுகம் விசாரிக்கக் கூடாது.”

“பின்னே என்னத்தப் பேச?”

சாமி அடுத்த விதையை எடுத்தார். உபதேசம் அவ்வளவுதான்.

பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால்தானே தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே கொழுந்து வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் போன் வந்தது. கோமதியின் மூச்சு இரைந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியைக் கொழுந்து விழுங்கினார். அதை விட்டால் பேச ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய லட்சணம் அப்படி.

“குளத்தங்கரை வேம்பு இருக்குல்லா, மொட்டையா நிக்கி” என்றார் கடைசியில்.

“ஏன்?”

“கொரோனாவுக்குப் பயந்து ஊரே ஒடிச்சு வாசல்ல கட்டிட்டு.”

“நம்ம வாசல்ல?”

“அதே மரந்தான்.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா இருமலா, தெரியவில்லை.

“தொரட்டிக்கு எட்டாத உச்சிக்கிளை ஒண்ணு மட்டும் தப்பிச்சுட்டு. அதுல பூவான பூ. கீழ நின்னாலே மணக்கு. ஒரு குயில் அதுலயே கிடந்து கத்துது. பாவம், அதுக்கும் வேற போக்கிடம் இல்ல.”



ஜன்னல்கூட இல்லாத இடத்தில் கிடப்பவளிடம் போய்ப் பூவைப் பற்றிச் சொல்லிவிட்டோமே என்று கொழுந்து தன்னையே திட்டிக்கொண்டார்.

“பூ உதிருதா?” என்றாள் கோமதி.

“உதிருது.”

“சும்மாவா பாத்துட்டு வந்தீங்க?”

“வேற என்ன செய்ய?”

“நல்ல ஆளு, போங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மரத்தடியில துணியை விரிங்க. விழுறதை அள்ளி நிழல்ல காய வைங்க. வெயில்ல போட்டுராதீங்க, கருகிரும். நான் வந்து ரசம் வைக்கேன்.”

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே மடத்துக் கதவு தடதடத்தது. சாமி வந்து பார்த்தார். கொழுந்து தலையிலும் தோளிலும் வேப்பம்பூவோடு நின்றார்.

“இன்னிக்கு என்ன கேள்வி?”

“கேள்வியெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. உச்சிக்கிளைப் பூவில்லா, காத்துக்கு எங்கெல்லாமோ விழுது. என் வேட்டி ஒண்ணு விரிச்சேன், பத்தல. மடத்துல பழைய வேட்டி ஏதாவது கிடக்குமா? சீக்கிரம்.”