பத்தொம்பது விரல்

"யாரு அளந்ததா? நான்தான் அளந்தேன். வேற எவ வருவா அளக்க? நீ வந்தியா? ஒங்க ராக்கெட்டு கவுந்து மண்ணுல குத்துச்சுன்னா அதுக்கு நான் என்ன செய்ய? இருவத்தாறு புள்ளி ஆறுன்னு போட்டிருக்கேன். புள்ளிக்குப் பொறவு கூட எழுதியிருக்கேன். அதப் பாத்து ஒழுங்கா எழுதத் தெரியாதவளுவளுக்கு ராக்கெட்டு எதுக்குட்டி? பட்டம் விட வேண்டியதுதானே."

பெர்சியா போன்லேர்ந்து கட்டைவிரல எடுத்தா. பதிவான பேச்சு அப்படியே நின்னுச்சு, குரூப்புக்குப் போகல. அவளே அத அழிச்சா. மறுபடி அமுக்குனா.

இது நாலாவது தடவ.

தூத்துக்குடி உப்பளத்துக்கு மேக்க ஒரு பொட்டல். ஞாயித்துக்கெழம காலையில அங்க பதினஞ்சு இருவது பேரு கூடுவாவ. அட்டைக் குழல்ல ராக்கெட் செஞ்சு, மேல ஏத்தி, பாராசூட் கொட விரிய வச்சு எறக்குறதுதான் சோலி. அன்னைக்கு காத்து பலமா இருந்துச்சு. அதனால எல்லாரும் சும்மா நின்னாங்க. ஜான்சி அக்கா மட்டும் வேன் நெழல்ல உக்காந்து, பழைய கொடத் துணியில பாராசூட் தைச்சுட்டு இருந்தாங்க.

அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பாலிடெக்னிக்ல ஒர்க்‌ஷாப் பாத்துக்குறவங்க. பேசுறது கம்மி. ஏவுற பட்டனுக்கு ஒரு சாவி உண்டு, அது அவங்க கழுத்துலதான் தொங்கும். அவங்க கழட்டிக் குடுத்தாத்தான் ராக்கெட் கெளம்பும். அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு ராக்கெட் கவுந்துட்டா, செஞ்ச ஆளு எல்லார் முன்னாலயும் நின்னு, எதனால கவுந்துச்சுன்னு சொல்லணும். சொன்னாத்தான் அடுத்ததுக்குச் சாவி. பெர்சியா இத மூணு தடவ சொல்லியிருக்கா. மூணு தடவயும் காத்து மேல பழி போட்டா. மூணு தடவயும் அக்கா சாவியக் கழட்டல.

"யாருகிட்டட்டி இவ்ளோ சண்ட?" அக்கா ஊசிய நிறுத்தாமக் கேட்டாங்க.

"முத்தரசிகிட்ட."

அந்தப் பேரு அவ வாயில வந்து ஒரு வருசமும் ரெண்டு மாசமும் ஆச்சு.

"என்ன சொல்லுதா?"

"நம்ம ராக்கெட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்காக்கா. எரநூத்து நாப்பது பேரு இருக்குற குரூப்பு. அவ ஸ்ரீபெரும்புதூர்ல வேல பாக்காள்லா, அந்த ஹாஸ்டல் பிள்ளைய பதினோரு பேரச் சேத்து ராக்கெட் செய்யுதாளாம். நம்ம குருவி ராக்கெட் மாதிரியே. அளவு பாத்த வாரம் பூரா இவளுக்கு நைட் ஷிப்ட். பிள்ளையளே நம்ம ஆப்புல உள்ள அளவப் பாத்துச் செஞ்சிருக்காளுவ. ஏவுனா, மூணாள் ஒசரம் போயி கரணம் போட்டு மூக்கு மண்ணுல குத்திட்டு. மூணு மாச வேலையாம். இப்ப என்னத் தொங்கவிடுதா."

"என்ன கேட்டிருக்கா?"

"ஆப்பு எங்க யாரு போன்லயும் தொறக்கல, இது யாருக்குச் செஞ்சதுன்னு கேக்கா. அப்புறம், இத யாரு அளந்ததுன்னு கேக்கா. திமிரப் பாருங்க."

அக்கா நூலப் பல்லால கடிச்சாங்க.

அந்த ஆப்புக்குப் பேரு உச்சி. ராக்கெட்டோட எட, நீளம் எல்லாம் குடுத்தா எவ்ளோ ஒசரம் போவும், எங்க கொட விரியும்னு சொல்லும். மொதல்ல அத ரெண்டு பேருமாத்தான் செஞ்சாவ. முத்தரசியோட அஞ்சாயிரம் ரூவா போன்ல வச்சுத்தான் ஓட்டிப் பாத்தது. அவ அப்பாவுக்கு முடியாமப் போயி, மூணாவது வருசம் காலேஜ விட்டுட்டு வேலைக்குக் கெளம்புனா. கெளம்புற அன்னைக்குத்தான் சொன்னா. பெர்சியா பஸ் ஸ்டாண்டுக்குப் போகல. வீட்டுல இருந்து மொத்த ஆப்பையும் மாமா மஸ்கட்லேர்ந்து குடுத்தனுப்புன ஐபோனுக்கு மாத்தி எழுதுனா. பழைய ஆண்ட்ராய்டு ஆப்பத் தூக்கிட்டா.

"யாருக்குச் செஞ்சதுன்னு கேட்டதுல என்ன தப்பு?" அக்கா கேட்டாங்க.

"எல்லாருக்கும்தான் செஞ்சேன். மீட்டர் இருக்கு, அடி இருக்கு, இஞ்சு இருக்கு. அமெரிக்காக்காரனுக்கு அவுன்சு கூட வச்சிருக்கேன்."

"அமெரிக்காவுல எத்தன பேரு வச்சிருக்காவ?"

பெர்சியா போனத் தொறந்து பாத்தா. "நாலு பேரு."

"அந்த ஹாஸ்டல்ல?"

"பதினோரு பேரு. ஆனா ஒருத்திகிட்டயும் ஐபோன் கெடையாது. வார்டன் போன வாங்கிப் பாத்து, நோட்டுல எழுதிட்டு வந்திருக்காளுவ."

அக்கா துணியில அடுத்த மடிப்ப எடுத்தாங்க.

"ரெண்டு வகை போனுக்கும் எழுத எனக்கு என்ன நாலு கையா இருக்கு?" பெர்சியா விடல. "மொதல்ல நாலு கை இருந்துச்சு. ரெண்டு கை ஸ்ரீபெரும்புதூருக்குப் போயிட்டு. அதுக்கு நானா டிக்கெட் எடுத்துக் குடுத்தேன்?"

 பெர்சியா போன அக்கா பக்கமா நீட்டுனா.

"நீங்களே சொல்லுங்கக்கா. அளவு எழுதிக் குடுத்தவ தப்பா, அத வச்சுக் கவுத்தவளுவ தப்பா? ஒரு வார்த்த சொல்லுங்க. அத அப்படியே அங்க போட்டுருதேன்."

அக்கா துணியக் கீழ வச்சாங்க. எந்திரிச்சு வேன் பின்கதவத் தொறந்து, உள்ள கெடந்த ஒரு பழைய ராக்கெட்ட எடுத்துட்டு வந்தாங்க. துணி சுத்தி வர்ற அட்டைக் குழல்ல செஞ்சது. வெள்ளப் பெயிண்டு அங்கங்க உதுந்து போயிருந்துச்சு. இதுதான் மொத குருவி. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவ கூடக் கவுந்ததில்ல. வாலுக்கு மேல, நடுவாக்குல, செவப்பு நகப்பாலிஷ்ல ஒரு கோடு. அந்தக் கோட்டுல நூலக் கட்டித் தூக்குனா ராக்கெட் ரெண்டு பக்கமும் சாயாம நிக்கணும். சாஞ்சா மூக்குல களிமண்ணு கூட்டணும், கொறைக்கணும். கோடு வாலுப் பக்கமா எறங்கிட்டா ராக்கெட் மேல போயிக் கரணம் போடும்.

"வாலுலேர்ந்து கோடு வரைக்கும் அள" அக்கா நீட்டுனாங்க.

"ஸ்கேல் குடுங்க."

"இதச் செஞ்ச அன்னைக்கு ஸ்கேல் இருந்துச்சா?"

இல்ல. அன்னைக்கு ரெண்டு பேரும் ஸ்கேல வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டாவ. முத்தரசிதான் விரல வரிசையா அடுக்கி அளந்தா. பத்தொம்பது விரல். அது நல்லாப் பறந்துச்சு, அதனால ஆப்புல ஒரு அளவாவே அத ஏத்திட்டாவ. மீட்டர், அடி, விரல். ஒரு விரலுக்கு எத்தன சென்டிமீட்டர்னு எழுதி வைக்கல. எதுக்கு எழுதணும்? ஆளு பக்கத்துலதான நிக்கா.

பெர்சியா மண்ணுல உக்காந்து குருவிய மடியில போட்டா. விரல ஒண்ணொண்ணா வச்சுட்டுப் போனா.

"பதினெட்டு, பத்தொம்பது."

கோடு இன்னும் வரல.

"இருவது, இருவத்தொண்ணு." நிறுத்துனா. "இருவத்திரெண்டு. ஒரு நகம் கம்மி."

"திரும்ப அள."

திரும்ப அளந்தா. அதே இருவத்திரெண்டு.

"மழையில நனைஞ்சு குழல் நீண்டிருக்குக்கா."

"அட்டை நீளுமா?"

"நகப்பாலிஷ் ஒழுகியிருக்கும்."

"மேல நோக்கியா ஒழுகும்?"

பெர்சியா  வலது கைய விரிச்சுப் பாத்தா. எலும்புக் கை. முத்தரசி கை அப்படி இல்ல. சின்ன வயசுலேர்ந்து உப்பு வாரி, விரலு ஒவ்வொண்ணும் தடிச்சுப் போயி இருக்கும். பஸ்ல நெரிசல்ல புடிச்சுச்சுன்னா விடாது.

"விரல ஏன் ஆப்புலேர்ந்து எடுத்த?"

"எல்லாரும் சிரிச்சாவ. உலகத்துல எவன் விரல்ல ராக்கெட் அளக்கான்னு ஒருத்தன் போட்டான்."

"பழைய அளவ எப்படி மாத்துன?"

"ஒரு விரலு ஒண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர்னு வச்சு, பத்தொம்பதால பெருக்குனேன். இருவத்தாறு புள்ளி ஆறு."

"ஒண்ணு புள்ளி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

பெர்சியா தன் விரல, அந்த ஒண்ணு புள்ளி நாலு விரல, குருவி மேலேர்ந்து எடுத்துக்கிட்டா.

"அவட்ட கேக்கலையா?"

"பேசிட்டா இருந்தோம், கேக்க?" மண்ணக் கிளறிக்கிட்டே சொன்னா. "ஒரு மெசேஜ் அடிச்சேன்க்கா. 'ஒன் விரலு எவ்ளோட்டி'ன்னு. அனுப்பல. நான் எதுக்கு மொதல்ல பேசணும்னு இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

காத்து மணல வாரி வேன் மேல போட்டுச்சு. அக்கா குருவிய வாங்கி நெழல்ல வச்சாங்க.

"ஒன் பையில என்னட்டி செவப்பா எரியுது?"

பைக்குள்ள ஒரு பவர் பேங்க். அதுல மாட்டி ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். மூலையில கண்ணாடி ஒடைஞ்சது. முத்தரசி வேற போன் வாங்குனதால, போறப்போ லேப்ல விட்டுட்டுப் போனது. பதினாலு மாசமா பெர்சியா அதுக்குச் சார்ஜ் ஏத்துதா.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா?"

"பழைய உச்சி இதுல மட்டுந்தான் இருக்கு."

அவ அதத் தொறந்தா. தொறக்க நேரம் எடுத்துச்சு. குருவின்னு இருந்துச்சு, பக்கத்துல பத்தொம்பது விரல்னு இருந்துச்சு. கீழ, பத்துலேர்ந்து எண்ணி எறக்குற பட்டன். புது ஆப்புல அதுக்கு மிஷின் கொரல். இதுல முத்தரசி கொரல். பெர்சியா அமுக்குனா.

பத்து, ஒம்பது, எட்டுன்னு சத்தமா வந்துச்சு. ஏழுக்கு வந்ததும் ஒரு சிரிப்பு. பதிவு பண்ணுன அன்னைக்கு ஒரு ஆடு ராக்கெட் பக்கத்துல வந்து நின்னு எல்லாரையும் மொறச்சுச்சு. அதப் பாத்த சிரிப்பு. பின்னால இன்னொரு கொரலும் சிரிக்கும். அது பெர்சியா. அப்புறம் ஆறு, அஞ்சுன்னு ஒழுங்கா எறங்கி, பூச்சியத்துல நின்னுச்சு.

அங்க நின்ன பயலுவ திரும்பிப் பாத்தாவ. ஒருத்தன் கேட்டான், "ஏவப்போறமாக்கா?"

"இன்னும் இல்ல" அக்கா சொன்னாங்க.

பெர்சியா ஒடைஞ்ச போனப் பைக்குள்ள வைக்கல. கையிலயே வச்சிருந்தா. மறு கையில புது போன். அதுல குரூப்பு அப்படியே தொறந்து கெடந்துச்சு. கேள்விக்குக் கீழ யாரும் ஒண்ணும் போடல. எல்லாரும் பாத்துட்டாவ, எரநூத்து நாப்பது பேரும்.

"முந்தா நாளு வரைக்கும் அவ பேரு போன்ல வரவே வராதுக்கா. நேத்து திடீர்னு வந்துச்சு. நான் மொதல்ல என்ன எழுதியிருக்கான்னு படிக்கல. பேரத்தான் பாத்துட்டு இருந்தேன். நல்லா இருக்கியான்னு கேட்டிருப்பான்னு நெனச்சேன். படிச்சா, யாரு அளந்ததுன்னு கேட்டிருக்கா."

அக்கா ஊசியில நூலக் கோத்தாங்க.

"ஆண்ட்ராய்டுக்கு எழுதிருதேன். ரெண்டு மாசம் ஆவும், எழுதிருதேன். விரலையும் திரும்ப வச்சிருதேன். அவ விரல."

"எவ்ளோ?"

"என்னது?"

"அவ விரலு எவ்ளோ?"

பெர்சியாவுக்குத் தெரியல. குருவியையும் ஸ்கேலையும் வச்சுக் கணக்குப் போட்டா ரெண்டு நிமிசத்துல வந்துரும். அது அவளுக்குத் தெரியும். அக்கா வேன்ல ஸ்கேல் இருக்கு. அதுவும் தெரியும். அவ அதப் போயி எடுக்கல.

"அவட்டயே கேக்கேன்" சொன்னா. போன எடுத்தா. குரூப்ப மூடிட்டு, முத்தரசி பேரத் தேடித் தனியாத் தொறந்தா. காலியாக் கெடந்துச்சு. பதினாலு மாசம் முன்னால முத்தரசி போட்டது ஒண்ணு மேல நின்னுச்சு, பஸ் ஏறிட்டேன்னு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

"இதுல தனியா மன்னிப்புக் கேட்டுருதேன்க்கா. எங்களுக்குள்ள உள்ளது. எரநூத்து நாப்பது பேரு எதுக்கு?"

அக்கா ஒரு தையல் போட்டாங்க. இழுத்தாங்க.

"அந்தப் பதினோரு பிள்ளையளும் அந்தக் குரூப்புல இருக்காளுவளா?"

"இருக்காளுவ."

"கவுந்தது எதனாலன்னு அவளுவ என்ன நெனச்சுட்டு இருப்பாளுவ?"

பெர்சியா போனப் பாத்துட்டே சொன்னா. "தங்களுக்கு எழுதத் தெரியலன்னு."

காத்து அடங்கிட்டு. கம்பத்துல கட்டியிருந்த ரிப்பன் தொங்கிப் போச்சு. பயலுவ ராக்கெட்டக் கம்பியில மாட்டிட்டு, சாவிக்காக வேன் பக்கம் பாத்துட்டு நின்னாவ.

அக்கா கழுத்துச் சாவிய ஒரு தடவ தொட்டுப் பாத்தாங்க. கழட்டல.

"ராக்கெட் ஒண்ணு கவுந்திருக்கு. யாரு அளந்ததுன்னு அவ எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கா. அங்கயே சொல்லுட்டி, எல்லாரும் கேக்க. நாங்க நிக்கோம்."