மேலும் காண்க

"இந்தப் பதிலை மட்டும் போட்டுட்டு விலகிருதேம்மா," என்றார் செந்தூர்பாண்டி. "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

மடத்துத் தோட்டத்தில் கீரைப் பாத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த சங்கரவடிவம்மா நிமிர்ந்தார். மடத்துக்குக் குரு அவர்தான். சீடரான செந்தூர்பாண்டியைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ஊருக்கே அவர் அம்மாதான்.

"எதை விட்டு விலகப் போறீங்க?"

"ஃபேஸ்புக்ல நம்ம ஊர்க் குழு இருக்கே, அதை விட்டு."

"அங்க என்ன எழுதினீங்க?"

"குழாய்த் தண்ணி நாறுது, என் மக காமாலையில கிடக்கா, வேற யார் வீட்லயும் இப்படி இருக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சங்கின்னாங்க. ரெண்டு பேர் அதுக்கு நேர் எதிரா உபி, உடன்பிறப்புன்னாங்க. குடிக்கிற தண்ணிக்குக் கூடவாம்மா கட்சி?"

குரல் உடைந்துவிட்டது. பெத்த மனசு, எரியத்தானே செய்யும்.

"எழுதி வச்சிருக்கிறதைப் படிங்க."

படித்தார். 'அடேய் உபி' என்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்ததை இங்கே எழுதினால் எனக்குத்தான் அசிங்கம்.

அம்மா முகம் சுளிக்கவில்லை. "இது யாருக்கு?"

"வடக்குத் தெரு பேச்சிமுத்துவுக்கு. முதல் ஆளா வந்து சங்கின்னது அவன்தான். அதுக்குக் கீழ ஒரு கூட்டமே அடிச்சுக்கிட்டு நிக்கி."

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

"'வந்துட்டான்யா சங்கி, கம்பு சுத்த.'"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்வளவுதான். நீங்களே பாருங்க."

போனை நீட்டினார். அம்மா மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்த வரியின் கடைசியில் பொடி எழுத்தில் 'மேலும் காண்க' என்றிருந்தது. அதைத் தொட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

செந்தூர்பாண்டி படித்தார்.

'வந்துட்டான்யா சங்கி, கம்பு சுத்த. உன் வீட்ல மட்டுந்தானா? இங்க என் ரெண்டு பிள்ளைகளும் காமாலையில கிடக்குதுக. நம்ம ரெண்டு தெருவுக்கும் ஒரே குழாய். கோயில் முக்குல சாக்கடை அதுல கசியுதுன்னு நினைக்கேன். ஆபீஸ்ல கேட்டா ஆள் இல்லைங்கான். தோண்டிப் பாக்க என்கூட இன்னொரு ஆள் வேணும். யாராவது வாறீங்களா?'

எழுதி ஒரு வாரம் ஆகியிருந்தது.

கீழே அத்தனை பேர் எழுதியிருந்தார்களே, வாறேன் என்று ஒருத்தர் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் முதல் வரியிலேயே நின்று சண்டை போட்டிருந்தார்கள். செந்தூர்பாண்டியும்தான்.

அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. எழுதி வைத்திருந்ததை அழித்தார். வேறு ஏதோ எழுதி அனுப்பினார், ரொம்பச் சின்னதாக.

போன் உடனே அடித்தது. எடுத்துப் பேசினார். "உன் பிள்ளைகளுக்கு இப்ப எப்படியிருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

பேசி முடித்துவிட்டுப் பாத்திப் பக்கம் வந்தார்.

"அம்மா."

"ம்."

"மடத்துல கடப்பாரை இருக்கா?"

"ரெண்டு இருக்கு," என்றார் அம்மா.