தலைமையாசிரியரின் பூட்ஸ்

"எட்டாம் வகுப்பிலிருந்து சின்னச் சத்தம் கேட்டாலும் உன் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன்!" என்று பி.எட். மாணவி தில்லைநாயகியிடம் உறுமினார் தலைமையாசிரியர் சௌந்தரபாண்டியன்.

உள்ளே ஐம்பத்திரண்டு வாலுப் பிள்ளைகள். பயத்தில் அவள் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. வராந்தாவில் அவருடைய பூட்ஸ் கிறீச்சிட்டது.

"பிள்ளைகளா, அந்தப் பூட்ஸ் நம்ம வாசலை எத்தனை தடவை தாண்டுதுன்னு காதாலேயே எண்ணுங்க. பேசினா கணக்கு தப்பிடும்" என்றாள் அவள்.

வகுப்பு மூச்சு விடவில்லை. கடைசியில் அவரே உள்ளே வந்தார்.

"எப்படி இவ்வளவு அமைதி?"

"ஒன்பது தடவை நடந்தீங்க சார்!" என்றார்கள் பிள்ளைகள்.

அந்நேரம் எதிர் வகுப்பில் பெஞ்சு கவிழ்ந்தது, ஒரே கூச்சல்.

"அங்கே யார் பாடம் சார்?" தில்லைநாயகி கேட்டாள்.

"பெரிய சாரோட கணக்குப் பாடம் டீச்சர்!" என்று தலைமையாசிரியரையே கைகாட்டினார்கள் பிள்ளைகள்.

அவள் பதிவேட்டை நீட்டினாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பத்தாவது தடவை அந்தப் பூட்ஸ் நடக்கவில்லை, ஓடியது.