முக்கால் அளவுத் துப்பாக்கி

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் மங்கையர்க்கரசி பயிற்சியாளர். வயது முப்பத்தாறு. அவருடைய மாணவர்களில் மூத்தவர் பல் மருத்துவர் நஞ்சுண்டன். வயது ஐம்பத்தேழு. சுடும் மேடையில் அவர் மாணவர், இவர் ஆசிரியர். பல் நாற்காலியில் நிலைமை தலைகீழ்.

போன மாதம்தான் அப்படித் தலைகீழாயிற்று. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள மங்கையர்க்கரசி அவரிடம் போனார். நாற்காலியில் சாய்ந்தார், கண்களை இறுக மூடினார், கைப்பிடி கழன்று வந்துவிடும்போலப் பற்றிக்கொண்டு, "ஐயோ!" என்று அலறினார்.

"ஊசி இன்னும் தட்டுலதான் இருக்கு, மேடம்" என்றார் நஞ்சுண்டன்.

இந்தக் கதையை அவர் கழகத்தில் ஒருவர் விடாமல் சொல்லி மகிழ்ந்தார். மங்கையர்க்கரசி மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மருத்துவருக்கு இப்போது வேறொரு கவலை. அடுத்த மாதம் மாநிலத் தேர்வு. மூத்தோர் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக நான்கைந்து புள்ளிகளில் வாய்ப்பு நழுவியது. இந்த முறையும் நழுவினால் போட்டிக்கே முழுக்குப் போடுவதாக மனைவியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மையார் அதை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார்.

மருத்துவர் சுட்ட இலக்கு அட்டைகள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின. ஐந்தில் மூன்று தோட்டாக்கள் கறுப்பு வட்டத்துக்குள் போகும். இரண்டு, இடப்பக்கமாகக் கீழே இறங்கிவிடும். காரணத்தை அவரே ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். அவருடைய கை சிறியது. வாய்க்குள் நுழைவதற்கு அதைவிட நல்ல கை கிடையாது. ஆனால் முழு அளவுக் கைத்துப்பாக்கியின் பிடியை அது சரியாக வளைத்துப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஓய்வுபெற்ற வன அலுவலர் ராயப்பன் தம்முடைய துப்பாக்கியை விற்க முன்வந்தார். பெரிய ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்றின் அச்சு அசலான நகல், ஆனால் முக்கால் அளவு. மெல்லிய பாயின்ட் டூ டூ தோட்டா போடுவது. கையில் எடுத்தால் குருவிக்குஞ்சு உட்கார்ந்ததுபோல் இருந்தது. போட்டி விதிக்கும் பொருந்தியது. ஒரே சிக்கல், மருத்துவரின் உரிமத்தில் இன்னொன்றுக்கு இடமில்லை. இது வேண்டுமென்றால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் திரும்பப் பெறுவது நடக்கிற காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராயப்பன் பெட்டியோடு வந்துவிட்டார்.

"பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க, டாக்டர். சேலத்துக்காரர் ஒருத்தர் போன் மேல போன் போடறாருங்க."

நஞ்சுண்டன் ஆசிரியரிடம் போனார்.

"மேடம், இதை வாங்கலாங்களா, வேண்டாங்களா?"

"என்ன குறைக்காக வாங்கறீங்க?"

"கைக்கு அடங்கலைங்க. அதான் முனை இறங்குது."

"முனை இறங்குறதை நீங்க பார்த்தீங்களா?"

"அட்டைதான் சொல்லுதே. சுடற நேரத்துல எங்க பார்க்கறது? துப்பாக்கியே துள்ளுதே."

"வீட்டுல தோட்டா இல்லாம விசையை அமுக்கிப் பழகறீங்களா?"

மருத்துவருக்கு வருத்தமாகவே இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தா இந்தக் கேள்வி?

"ரிம்ஃபயர் ஆச்சே மேடம்! இதுல துப்பாக்கியோட முள்ளு தோட்டாவோட விளிம்புல அடிக்கும். உள்ள ஒண்ணும் இல்லாம அடிச்சா குழலோட விளிம்பு நசுங்கிடும். பதினோரு வருஷம். ஒரு தடவைகூட வெறுமனே அமுக்கினதில்லை."

"ஒரு தடவைகூட?"

"சத்தியமா."

ராயப்பன் தலையசைத்துப் பாராட்டினார். "இப்படிப்பட்டவர் கைக்குப் போனா என் துப்பாக்கிக்கே கொடுப்பினைதான்."

மங்கையர்க்கரசி ராயப்பனின் அனுமதி பெற்று அந்தச் சிறிய துப்பாக்கியை மருத்துவரிடம் கொடுத்தார். ஐந்து தோட்டாக்கள். மருத்துவர் சுட்டார். மூன்று கறுப்புக்குள், இரண்டு கீழே.

"பாருங்க! ரெண்டும் முன்ன மாதிரி அவ்வளவு கீழ போகலை" என்றார் நஞ்சுண்டன். முகம் மலர்ந்திருந்தது.

"கை பழகப் பழக இன்னும் ஏறும்" என்றார் ராயப்பன்.

மங்கையர்க்கரசி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்மேசைக்குப் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நிரப்பினார். திரும்பி வந்து நீட்டினார்.

"இன்னொரு அஞ்சு. அவசரம் இல்லை. ராயப்பன் சார், நீங்க அட்டையைப் பார்க்காதீங்க. முனையைப் பாருங்க."

நஞ்சுண்டன் கால்களை ஊன்றினார். மூச்சை இழுத்தார், பாதி விட்டார், நிறுத்தினார். விசையை அழுத்தினார்.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் முனை, பெரியவர் யாரையோ கண்டதுபோல், ஒரு விரற்கடை குனிந்து வணங்கியது.

"வெடிக்காத தோட்டாங்க" என்றார் மருத்துவர். விதி தெரிந்தவர், முனையை இலக்கிலிருந்து விலக்காமல் அரை நிமிடம் நின்றார். பிறகு மேல்பாகத்தை இழுத்துவிட்டார். உள்ளே இருந்தது துள்ளி எங்கோ விழுந்தது.

மறுபடியும் மூச்சு. மறுபடியும் அழுத்தம்.

டிக்.

முனை மறுபடியும் வணங்கியது. இந்த முறை அதை நஞ்சுண்டனும் பார்த்தார். வெடிச்சத்தமும் துள்ளலும் பதினோரு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததை ஒரு 'டிக்' வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

ராயப்பன் அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "டாக்டர், நீங்க சுடலீங்க. கும்பிடு போடறீங்க!" என்று சிரித்தார். விற்க வந்தவர் சிரிக்கக்கூடாது என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டார்.

நஞ்சுண்டன் துப்பாக்கியைக் காலி செய்து, முனை இலக்கைப் பார்க்கும்படி மேடையில் வைத்தார். குனிந்து, காலடியில் கிடந்ததை எடுத்தார். சிவப்பு பிளாஸ்டிக். பழகுவதற்கென்றே செய்த பொய்த் தோட்டா. குழலையும் காயப்படுத்தாது. கழகத்தின் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அஞ்சும் இதுதானா?"

"அஞ்சும்."

"இது என்ன அநியாயம், மேடம்? துப்பாக்கியை வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டேன். ரெண்டுல ஒண்ணு சொன்னா முடிஞ்சது. சின்னதுலயும் முனை இறங்குது, பெரியதுலயும் இறங்குது. அப்போ எதுக்குத்தான் இறங்குது?"

மங்கையர்க்கரசி பின்மேசைக்குப் போனார். அங்கிருந்த சிறிய எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து மருத்துவரின் முன்னால் வைத்தார். அதில் ஐந்து அசல் தோட்டாக்கள், ஒன்றுகூடக் குறையாமல் பளபளத்துக்கொண்டிருந்தன.

"ஊசி இன்னும் தட்டுலதான் இருக்கு, டாக்டர்" என்றார்.