பகைக்கு ஒரு வேதம்

தம்பி படுத்த படுக்கையாகிவிட்டார். கண் மூடுவதற்குள் அண்ணனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். பொன்னுலிங்கம் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. மடத்துக்குப் போனார்.

ஆற்றோரத்து அந்த மடத்தில் எல்லாச் சமயத்து நூல்களும் இருந்தன. மடத்தை நடத்திய நாச்சியம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் பொன்னுலிங்கத்துக்கு அவர்தான் குரு.

"தம்பியைப் பார்க்கப் போகணுமா வேண்டாமான்னு நீங்க சொல்ல வேண்டாம்மா. வேதம் சொல்லட்டும்."

நாச்சியம்மை சைவ நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பொன்னுலிங்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். வரிமேல் விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். பிறகு பட்டென்று மூடினார்.

"பொறுத்துப் போன்னு போட்டிருக்கு. நமக்குச் சரிப்படாது. வேற குடுங்க."

சமணர் நூல் வந்தது. பகையை விடு என்றது. பௌத்தர் நூலும் ஏறக்குறைய அதையே சொன்னது. இஸ்லாமியர் வேதத்தில், உறவை முறிக்காதே என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"எல்லாரும் கூடிப் பேசி எழுதினாங்களா?" என்று முறைத்தார்.

"உங்க தம்பி லஞ்சம் குடுத்திருப்பார்" என்றார் நாச்சியம்மை.

கிறிஸ்தவர் வேதத்தைக் கொஞ்ச நேரம் புரட்டியவர் துள்ளி எழுந்தார்.

"கிடைச்சிடுச்சு! கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்! நான் மாதா கோயிலுக்கே போயிடறேன்."

"மேற்கொண்டு படிங்க."

"போதும்மா. எனக்கு வேண்டியது வந்திடுச்சு."

"சரி. ஆனா ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான். ரெண்டாவதைத் தொடக் கூடாது. உங்ககிட்டேருந்து தம்பி எடுத்தது என்ன?"

பொன்னுலிங்கம் வரிமேல் வைத்திருந்த விரலை எடுத்தார்.

"அவன் மக கல்யாணப் பத்திரிகையில எம் பேரைப் போடலைம்மா. மாமன் பேரு இருக்கு, மச்சான் பேரு இருக்கு. தோள்ல தூக்கி வளத்த பெரியப்பன் பேரு இல்ல. அச்சாபீஸ்ல விட்டுப்போச்சாம்! நம்பச் சொல்றான்."

"வலிக்கத்தான் செய்யும். அதுக்கப்புறம் நீங்க அவர் பேரைச் சொன்னதுண்டா?"

"இந்த வாயால சொல்லுவேனா? 'அந்த ஆளு'தான்."

"அப்ப பேருக்குப் பேர் எடுத்தாச்சு. தீர்ந்துபோச்சு."

"எப்படித் தீரும்? அவன் வீட்டுப் பத்திரிகையில எம் பேரு வரணும். ஊரு பாக்கணும். அப்பத்தான் என் மனசு ஆறும்."

நாச்சியம்மை அவர் கையிலிருந்த நூலை மெல்ல வாங்கி மூடினார்.

"அதுக்கு ரொம்ப நாள் இல்லைங்கய்யா. அந்த வீட்டுல அடுத்து அடிக்கப் போறது கருமாதிப் பத்திரிகை. அதுல உங்க பேரை மறக்காமப் போடுவாங்க."